கல்லுக்குள் கேட்ட சொடுக்கு

குழந்தைகளே, இந்தக் கதையை எனக்குச் சொன்னது ஒரு நத்தை. கேட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை ஆண்டுகளும் இதில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. அது என்ன என்று பிறகு சொல்கிறேன். முதலில் கதையைக் கேளுங்கள்.

காடு இல்லாத ஓர் ஊரில், ஒரு பல் வைத்தியரின் முன்னறையில், ஒரு கண்ணாடிக் கடல் இருந்தது. உள்ளே உப்புத் தண்ணீர், வெள்ளை மணல், ஓயாமல் அலை எழுப்பும் ஒரு குழாய். கண்ணாடிக்கு வெளியே மனிதர்கள் கன்னத்தைக் கையால் பிடித்தபடி வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மனிதர்கள் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறார்கள் என்று மீன்கள் நினைத்திருந்தன.

அந்தக் கடலில் செம்பன் என்று ஒரு கோமாளி மீன் இருந்தான். அவனுடைய குணம் பயம். அவன் மனைவி செம்பி, உருவத்தில் அவனைப்போல் இரண்டு மடங்கு. அவளுடைய குணம் வீறாப்பு. கண்ணாடியில் தெரியும் தன் நிழலை வேறொரு மீன் என்று எண்ணி, நாள் முழுவதும் அதனோடு மோதிக்கொண்டிருப்பாள்.

கோமாளி மீன்களின் குலத்தில் முட்டையைக் காப்பது தகப்பன் வேலை. முட்டைகள் ஒரு பழைய கல்லின் ஓரத்தில் ஒட்டியிருந்தன. செம்பன் துடுப்பால் விசிறி விசிறி அவற்றுக்கு நல்ல தண்ணீர் அனுப்புவான். போன முறை இட்ட முட்டைகளில் ஒன்றும் பொரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் வெறுங்கல்தான் மிஞ்சியது. தான் விசிறியது போதவில்லை என்று செம்பன் தன்னையே நொந்துகொண்டான். இந்த முறை முட்டைகளுக்குள் கண்கள் வெள்ளிப் புள்ளிகளாகத் தெரிய ஆரம்பித்துவிட்டன. இன்னும் சில நாள் காத்தால் போதும்.

அந்த நேரம் பார்த்துத்தான் புதுக் கல் வந்தது.

அது வெறும் கல் அல்ல, உயிர்க் கல். கடலுக்கடியில் ஊறிக் கிடந்தது. அதன் ஓட்டைகளில் பாசியும் கடற்பஞ்சும் பொடிப் புழுக்களும் குடியிருந்தன. தொட்டியின் பழைய கற்கள் வழுக்கையாகிவிட்டதால், புதிய உயிர்கள் வந்தால் தண்ணீர் தெளியும் என்று தொட்டியைப் பராமரிப்பவர் அதை வரவழைத்திருந்தார். செத்தது அழுகிக் கழியட்டும் என்று பல வாரம் தனி வாளியில் போட்டு வைத்தார். கெட்ட வாடை போனபின் அதைத் தூக்கி, செம்பனின் கல்லுக்கு நேர் எதிரே இறக்கினார்.

மணல் கலங்கி அடங்கியது. சின்ன மீன்கள் புதுக் கல்லை மொய்த்துக்கொண்டு கொறிக்கத் தொடங்கின. செம்பன் மட்டும் கிட்டே போகவில்லை. அத்தனை ஓட்டைகள், அத்தனை இருட்டு. ஒவ்வொன்றிலிருந்தும் யாரோ தன்னைப் பார்ப்பதுபோல் இருந்தது.

அன்று மாலை வரியன் நலம் விசாரிக்க வந்தான். வரியன் உடம்பெல்லாம் கோடு போட்ட மீன், தொட்டியில் பல காலமாக இருப்பவன். அவனுடைய குணம் இனிமை. எல்லாரும் அவனை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

செம்பன் முட்டைக் கல்லின் அந்தப் பக்கம் விசிறிக்கொண்டிருந்தான். வரியன் இந்தப் பக்கம் வந்து முட்டைகளை எட்டிப் பார்த்தான். அந்த நொடியில் புதுக் கல்லுக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சொடுக்கு கேட்டது. தண்ணீரே அதிர்ந்தது.

"கேட்டாயா தம்பி?" என்றான் வரியன்.

"கேட்டது அண்ணே. என்ன அது?"

"முட்டை தின்னியாக இருக்குமோ என்னவோ. எனக்கு அபவாதம் பேசப் பிடிக்காது. ஆனால் பிள்ளை பெற்றவன் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுவது நல்லது. நீ போய் வா, நான் இங்கே நிற்கிறேன்."

செம்பன் போய்ப் பார்த்தான். இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்தபோது முட்டைக் கூட்டத்தின் ஓரம் கொஞ்சம் தேய்ந்தாற்போல் இருந்தது. கண் மயக்கம் என்று நினைத்தான்.

மறுநாளும் வரியன் வந்தான். மறுநாளும் 'டக்'. செம்பன் மறுபடி ஓடினான். இம்முறை கல்லை விட்டுக் கண்ணை எடுக்காமல் வெகுநேரம் நின்றான். உள்ளிருந்து ஒரு கால்கூட வெளியே வரவில்லை. ஆனால் திரும்பியபோது முட்டைகள் குறைந்திருந்தன.

செம்பன் வரியனிடம் திரும்பினான். "அண்ணே, நான் பார்த்துக்கொண்டே இருந்தேனே, அது எப்படி வந்தது?"

வரியன் பெருமூச்சு விட்டான். "பாவம், நீ வெள்ளை மனசுக்காரன். அந்தக் கல்லுக்குப் பின்வாசல் இருக்காதா? இனிமேல் பின்பக்கம் போய்க் காவல் இரு."

கல்லின் பின்பக்கம் நின்றால் தன் முட்டைகள் தனக்கே தெரியாது. அது செம்பனுக்குத் தோன்றவில்லை. போகும் வழியில் கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தையிடம் மட்டும் நின்றான். அதன் இடம் முட்டைக் கல்லுக்குப் பக்கத்திலேதான். "நத்தையாரே, என் முட்டைப் பக்கம் யாராவது வந்ததைப் பார்த்தீர்களா?" என்று கேட்டான்.

"எனக்கென்ன தெரியும் தம்பி," என்றது நத்தை. "நான் உண்டு, என் பாசி உண்டு."

செம்பியிடம் போய் அழுதான். நிழலோடு மோதிக்கொண்டிருந்த அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிரி இங்கே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது கல்லைப் பார்த்து நடுங்குகிறாயே, நீயும் ஒரு ஆம்பளையா என்று ஏசினாள்.

இப்படியே நாட்கள் போயின. செம்பன் இரை எடுப்பதை மறந்தான். முன்வாசலுக்கும் பின்வாசலுக்குமாக அலைந்தான். சொடுக்கும் நிற்கவில்லை, முட்டை குறைவதும் நிற்கவில்லை.

ஒருநாள் சொடுக்குகள் ஓயாமல் கேட்டன. டக், டக், டக். செம்பனால் தாங்க முடியவில்லை. சாவதென்றாலும் சரி என்று கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கல்லின் பெரிய ஓட்டைக்குள் தலையை விட்டான்.

கண்ணைத் திறந்தபோது எதிரே ஓர் இறால் இருந்தது. செம்பனில் பாதிகூட இல்லை. ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிது. அது சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, செம்பனைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"நீதானா அது?" என்றான் செம்பன். "என் பிள்ளைகளைத் தின்கிறவன் நீதானா?"

"இந்த வாளியும் தொட்டியும் பார்த்த நாளிலிருந்து நான் இந்த ஓட்டையை விட்டு வெளியே வந்ததில்லை ஐயா. பயமாக இருக்கிறது."

"பிறகு ஏன் சொடுக்குகிறாய்?"

"உங்களுக்காகத்தான். எங்கள் குலத்தில் ஆபத்து வந்தால் கொடுக்கைச் சொடுக்கி அடுத்த வீட்டுக்காரரை எச்சரிப்போம். அவர் உடனே தன் வளைக்கு ஓடிவிடுவார். நான் சொடுக்கும்போதெல்லாம் நீங்கள் வீட்டை விட்டுவிட்டு என்னிடம் ஓடி வருகிறீர்கள். என்ன செய்வதென்றே எனக்குத் தெரியவில்லை."

செம்பனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பயம் அவ்வளவு எளிதில் விடுமா? "உன்னை எப்படி நம்புவது?" என்றான்.

இறால் தயங்கித் தயங்கிக் கேட்டது: "போன முறையும் உங்கள் முட்டைகள் குறைந்தன என்று சின்ன மீன்கள் பேசிக்கொண்டன. அப்போது நான் எங்கே இருந்தேன் ஐயா?"

போன முறை இந்தக் கல்லே தொட்டியில் இல்லை என்பது செம்பனுக்கு அப்போதுதான் உறைத்தது.

இறால் அவனைத் தாண்டி வெளியே பார்த்தது. கொடுக்கை உயர்த்திச் சொடுக்கியது. டக்.

இந்த முறை செம்பன் கல்லைப் பார்க்கவில்லை. வீட்டைப் பார்த்து ஓடினான்.

வரியன் முட்டைகளின் எதிரே நின்றிருந்தான். எப்போதும்போல "வா தம்பி" என்று சொல்லவில்லை. வாய் நிறைந்திருந்தது.

"அண்ணே," என்றான் செம்பன், "வாயைத் திற."

வரியன் திறக்கவில்லை. செம்பன் அவன் விலாவில் போய் முட்டினான். பிறந்ததிலிருந்து யாரையும் முட்டாதவன் முட்டிய சத்தத்தில், செம்பி முதன்முறையாகத் தன் நிழலை விட்டுத் திரும்பிப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வரியன் அலைக் குழாயின் பின்னால் ஒளிந்தே காலம் தள்ளினான். அவனை அண்ணன் என்று கூப்பிட ஆள் இல்லை.

கல்லில் எஞ்சியிருந்த முட்டைகளைச் செம்பன் ஒரே துடுப்பால் மூடிவிட முடிந்தது. அத்தனை கொஞ்சம். அவற்றின் மேல் அவன் விசிறிக்கொண்டே இருந்தான். எதிர்க் கல்லில் இறால் விழித்துக்கொண்டே இருந்தது.

இதுதான் கதை. நத்தை இதை ஒன்று விடாமல் சொன்னது. வரியன் வாயைத் திறக்குமுன் இருபுறமும் எப்படிப் பார்த்துக்கொள்வான், எந்த ஓரத்திலிருந்து தின்னத் தொடங்கினான் என்பதெல்லாம்கூட அதற்குத் தெரிந்திருந்தது. என் சந்தேகம் அங்கேதான் பிறந்தது. பல ஆண்டுகள் மனதுக்குள் போட்டு உருட்டிவிட்டு, கடைசியில் ஒருநாள் கேட்டேவிட்டேன்:

"நத்தையாரே, செம்பன் வந்து உம்மிடம் கேட்டபோது, எனக்கென்ன தெரியும் என்று ஏன் சொன்னீர்?"

நீதி: புதிதாய் வந்தவனை எண்ணி நடுங்குகிறவன், பழகிய திருடனிடம் வீட்டை ஒப்படைத்துவிடுவான்.