மூச்சு விடாதீங்க

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர் வற்றிப்போன வருஷம் அது. எந்தத் தெருவில் நின்றாலும் தையல் மெஷின் சத்தம் கேட்கிற ஊரில், காக்கா கத்துவது தெளிவாகக் கேட்டது. யாருக்கும் அது பிடிக்கவில்லை.

ஒரு கல்யாண மண்டபத்தின் பந்திக் கூடத்தில் தினமும் காலையில் யோகா வகுப்பு நடக்கும். முகூர்த்த நாளென்றால் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார்கள். குரு தேன்மொழிக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. சீடர் சென்னியப்பன், பனியன் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். அவர் மகளுக்கே குருவின் வயது இருக்கும். இருந்தாலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். குரு குருதானே!

சென்னியப்பன் ஒரு நாளும் மட்டம் போட்டதில்லை. மூச்சை இழுக்கச் சொன்னால் கொல்லன் துருத்தி தோற்றுப்போகும். விடச் சொன்னால் மட்டும் பாதியில் நின்றுவிடும்.

ஒருநாள் எல்லோரும் போன பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க டீச்சர், தவறாம வர்றேன். மனசு மட்டும் அடங்க மாட்டேங்குது. நிம்மதி எப்பங்க வரும்?"

"மூச்சை முழுசா விடுங்க. வரும்."

சென்னியப்பன் அக்கம்பக்கம் பார்த்தார்.

"அதுதானுங்க முடியாது."

"ஏன்?"

"கம்பெனியில எங்க செக்‌ஷனையே மூடிட்டாங்க. மாசம் ஒண்ணாச்சு. வீட்டுல சொல்லலை. அவளுக்கு பிரஷருங்க, கேட்டா விழுந்துருவா. வேலைக்குப் போறாப்புல கிளம்பி ரயிலடி பெஞ்சுல உக்காந்துட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போறேன்." குரலைத் தாழ்த்தினார். "நீங்களும் யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க."

மூச்சு விடச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவரிடம் இப்படி ஒரு வேண்டுதல். தேன்மொழி சிரிப்பை மென்று விழுங்கினார்.

"நான் விட மாட்டேன். நாளைக்கு அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

"அவளையா?"

"பிரஷருன்னீங்களே. அதுக்கு இது நல்லது."

மறுநாள் அவர் மனைவி சாந்தாமணி வந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முதல் வரிசையில் உட்கார்ந்தார். நன்றாகத்தான் இழுத்தார். விடும்போது, கணவருக்கு நின்ற அதே இடத்தில் அவருக்கும் நின்றது.

தேன்மொழி இருவரையும் முதுகோடு முதுகு சேர்த்து உட்கார வைத்தார். சென்னியப்பன் காதில், "அம்மா விட்ட பிறகு நீங்க விடுங்க" என்றார். சாந்தாமணி காதில், "ஐயா விட்ட பிறகு நீங்க விடுங்க" என்றார்.

"ரெண்டு பேரும் இழுங்க."

இழுத்தார்கள். அவர் விடுவார் என்று இவர் காத்திருந்தார். இவர் விடட்டும் என்று அவர். வகுப்பே தன் மூச்சை மறந்து அவர்களைப் பார்த்தது. சென்னியப்பன் முகம் சிவந்தது. சாந்தாமணி கண்ணில் தண்ணீர் முட்டியது. குரு சுவரில் சாய்ந்து சும்மா நின்றார்.

சாந்தாமணிதான் முதலில் வெடித்தார்.

"உங்களுக்கு வேலை போனது எனக்குத் தெரியுமுங்க!"

சென்னியப்பனுக்கு மொத்த மூச்சும் ஒரே வீச்சில் வெளியேறியது. அப்படியே திரும்பி உட்கார்ந்தார்.

"யாரு சொன்னா?"

"உங்க சட்டைதான். துவைக்கறவ நானில்லீங்களா? ஒரு மாசமா துணி வெட்டுற பஞ்சு ஒரு பொட்டு அதுல ஒட்டலை."

"தெரிஞ்சும் ஏன் வாயைத் திறக்கலை?"

"சொன்னா நீங்க ஒடிஞ்சு போயிருவீங்கன்னுதான்."

"அப்புறம் எதுக்குத் தினமும் சோறு கட்டிக் கொடுத்தே?"

"பசிக்குமில்லீங்க?"

சென்னியப்பனுக்கு அழுகைதான் வந்தது. சிரிப்பு முந்திக்கொண்டது. சாந்தாமணியும் சிரித்துவிட்டார். பின் வரிசையில் யாரோ கை தட்ட, கூடமே கலகலத்துப் போனது. அன்றைக்கு அதற்கு மேல் ஒரு ஆசனமும் நடக்கவில்லை.

கிளம்பும்போது சென்னியப்பன் குருவிடம் வந்தார். தோள் இரண்டும் இறங்கியிருந்தன.

"டீச்சர், வேலை போனது போனதுதானுங்க. அதுல மாற்றமில்லை. ஆனா உள்ளுக்குள்ள எவ்வளவு சொகமா இருக்குது தெரியுமா!"

"சந்தோஷம்."

"அதான் எல்லாத்தையும் விட்டாச்சே. இனி நாளையிலிருந்து நான் எதுக்குங்க வரணும்?"

தேன்மொழி அவர் பாயைச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்தார்.

"இன்னிக்கு விட்டுட்டீங்கன்னு நாளைக்கு இழுக்காம இருப்பீங்களா?"