பக்கம் மாறிய கூடை

“அந்த ரெண்டு புள்ளி எனக்கு வேண்டாம்ணே” என்றான் இருதயராஜ்.

சிக்கந்தர் சுவரில் சாய்த்திருந்த ஏணியை எடுத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

“ஏணியப் பிடி” என்றார்.

இருதயராஜ் பிடித்தான். கோவை அணியின் கேப்டன் அவன். கூடைப்பந்து பார்க்கிறவர்கள் யாருக்கும் அவனை அறிமுகம் செய்யத் தேவையில்லை. நின்ற இடத்திலிருந்து ஒரு எம்பு எம்பினால் வளையத்தைப் பிடித்துவிடுகிற உயரம். ஆனால் இப்போது வலது முழங்காலில் பட்டை சுற்றியிருந்தது. இனி ஜென்மத்துக்கும் குதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம் ஆகிறது.

சிக்கந்தர் மெதுவாக ஏறினார். வளையத்தில் நைந்து தொங்கிய பழைய வலையை அறுத்துக் கீழே போட்டார். புது வலை அவர் தோளில் கிடந்தது.

திண்டுக்கல்லில், சிறுமலையைப் பார்த்தபடி கிடக்கும் சிமெண்ட் தரை மைதானம் அது. சிக்கந்தர் அங்கே வருகிறவர்களுக்கெல்லாம் ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறார். இருதயராஜைவிட இரண்டே வயதுதான் மூத்தவர். விளையாட்டு விடுதியில் இருவரும் ஒரே அணி. பந்தைக் கொண்டுவந்து கொடுப்பது அவர் வேலை, வாங்கிக் கூடையில் போடுவது இவன் வேலை. தோள்பட்டை இறங்கிப்போனதும் அவர் ஆட்டத்தை விட்டுவிட்டார். கோப்பையும் கிடையாது, பட்டமும் கிடையாது.

ஆனாலும் ஒவ்வொரு மைல்கல்லையும் தொட்டபோது இருதயராஜ் முதலில் வந்து நின்றது அவர் முன்னால்தான். வந்து நின்று, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போவான்.

வங்கி அணியில் வேலை கிடைத்தபோது இனிப்புப் பெட்டியோடு வந்தான். சிக்கந்தர் பெட்டியை ஆடிக்கொண்டிருந்தவர்களிடம் கொடுத்துவிட்டு, “இடது கை இன்னும் பழகல” என்றார்.

ஆயிரம் புள்ளி ஆனபோது அந்த ஆட்டத்துப் பந்தில் தேதி எழுதி, கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். சிக்கந்தர் பெட்டியைத் திறந்து பந்தை எடுத்தார். தரையில் ஒரு தட்டு தட்டினார். “காத்து நல்லா இருக்கு” என்று சொல்லி மைதானத்துக்குள் வீசிவிட்டார். பொழுது சாய்வதற்குள் தேதி அழிந்துபோனது. அன்றைக்கு இருதயராஜுக்கு அழுகையே வந்துவிட்டது.

இந்திய அணியின் சட்டை கிடைத்ததும் அதைப் போட்டுக்கொண்டே பஸ் ஏறி வந்தான். “வேத்து ஊத்துது பாரு, கழட்டிட்டு ஆடு” என்றார்.

ஐயாயிரம் ஆனபோது வளைகுடாவில் ஒரு லீகில் ஆடிக்கொண்டிருந்தான். விமானத்தை விட்டு இறங்கி நேராக இங்கே வந்தான்.

“வீட்டுக்குப் போனியா?” என்று கேட்டார்.

“இல்லண்ணே. உங்களப் பாத்துட்டுத்தான்...”

“மொதல்ல அம்மாவப் போய்ப் பாரு.”

இப்போது பத்தாயிரத்துக்கு வந்திருக்கிறான். கையில் ஒன்றும் இல்லை.

“பத்தாயிரத்துக்கு ஒரே ஒரு புள்ளி பாக்கிண்ணே” என்றான், ஏணியைப் பிடித்தபடி. “சீசனோட கடைசி ஆட்டம். கால் இதோட சரின்னு எனக்கே தெரியும். அந்த ஒரு புள்ளியப் பாக்கத்தான் அரங்கம் நெறைய ஆளு.”

சிக்கந்தர் முதல் முடிச்சைப் போட்டார்.

அந்தக் கடைசி ஆட்டத்தின் முதல் பாதி முழுக்க இருதயராஜ் எறிந்த எதுவும் உள்ளே போகவில்லை. இடைவேளை வந்தது. இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறிக்கொள்ள வேண்டும். அதுவரை ஓர் அணி பந்து போட்டுக்கொண்டிருந்த கூடையை அதன்பின் அதே அணி காக்க வேண்டும்.

எதிரணியில் புதிதாக ஒருவனை இறக்கினார்கள். நடுக்கோட்டிலிருந்து பந்து அவன் கைக்கு வந்தது. முன்னால் ஒருவரும் இல்லை. அவன் ஓடினான். கோவை அணி துரத்தவில்லை. அவர்கள் ஏன் துரத்தப்போகிறார்கள்? எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அவன் எம்பி, பூப்போல, தன் அணியின் கூடையிலேயே பந்தைப் போட்டான்.

கூடை போட்டவன், தனக்குப் பந்து கொடுத்தவனை நோக்கி விரலை நீட்டிக் காட்டுவான். ஆடுகளத்தில் நன்றி சொல்கிற முறை அது. அவனும் திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாக விரலை நீட்டினான். பந்து கொடுத்தவன் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றான்.

அப்புறம்தான் அரங்கம் சிரித்தது.

தவறிப்போய்த் தன் கூடையில் போட்டால் அந்த இரண்டு புள்ளி எதிரணிக்கு. களத்தில் நிற்கிற எதிரணிக் கேப்டன் பெயரில் எழுத வேண்டும் என்பது விதி. மைக்கில் ‘பத்தாயிரம்’ என்று கத்தினார்கள். வண்ணக் காகிதங்கள் பறந்தன. இருதயராஜைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். இறக்கிவிட்டதும் இரண்டு முறை ஓடினான். மூன்றாம் முறை முழங்கால் மடங்கியது. அத்தோடு முடிந்தது.

“ஞாயித்துக்கிழமை விழாண்ணே. இனி அந்த நம்பர் யாருக்கும் கெடையாதுன்னு என் ஏழாம் நம்பர் சட்டைய அரங்கத்துக் கூரையில ஏத்தறாங்க. பத்தாயிரம்னு எழுதி ஏத்தறாங்க. அதுக்குக் கீழ நின்னுகிட்டு நான் எப்படிச் சிரிக்கிறது?”

“ரூல் என்ன சொல்லுது?”

“கேப்டனுக்குன்னு சொல்லுது.”

“அப்ப உனக்கு.”

“மனசு ஒப்பலண்ணே. எச்சிச் சோத்துல கைவச்ச மாதிரி இருக்கு. இருபது வருஷம் ஓடியிருக்கேன். கடைசியில இப்படியா முடியணும்? மேடையிலயே சொல்லிரப் போறேன். இது என்னுது இல்ல, எறக்குங்கன்னு.”

சிக்கந்தர் அடுத்த முடிச்சை இழுத்துப் பார்த்தார். ஏணி லேசாக ஆடியது. இருதயராஜ் இறுக்கிப் பிடித்தான்.

“போட்டது யாரு?”

“யாரோ புதுப் பையன். பதினேழாம் நம்பர்.”

“பேரு?”

இருதயராஜ் கீழே கிடந்த பழைய வலையைக் காலால் ஒதுக்கினான்.

சிக்கந்தர் கடைசி முடிச்சையும் போட்டுவிட்டு இறங்கினார். கையைத் துடைத்துக்கொண்டார்.

“ஒரு வாரமா அவன் போட்ட கூடையச் சொமந்துகிட்டுத் திரியுற” என்றார். “பேரு தெரியல.”

மைதானத்தின் மறுகோடியில் இன்னொரு வளையம் வலை இல்லாமல் மொட்டையாக நின்றது.

“அந்தப் பக்கம் கட்டலியாண்ணே?”

“பேரக் கேட்டுட்டு வா. அப்பறம் ஏணி பிடிக்கலாம்.”

*

எதிரணியின் பயிற்சியாளர் போனிலேயே சிரித்தார். “அவனா? அன்னைக்கே ஊருக்கு அனுப்பிட்டோம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல அவங்க அப்பாவுக்குக் கமிஷன் கடை இருக்கு. எதுக்குக் கேக்கறீங்க, பொன்னாடை போத்தவா?”

இருதயராஜ் போனை வைத்தான். பெயரைக் கேட்க மறந்துவிட்டது.

மார்க்கெட்டில் தேடவே வேண்டியிருக்கவில்லை. தக்காளிப் பெட்டிகளுக்கு மேலே ஒரு தலை தனியாகத் தெரிந்தது. முருங்கைக்காய்க் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு லாரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான் அந்த இளைஞன். இருபத்தொன்று, இருபத்திரண்டு இருக்கும்.

இருதயராஜைப் பார்த்ததும் அப்படியே நின்றான். கட்டை இறக்கி வைத்தான். ஓடிவிடுவானோ என்றிருந்தது.

“மன்னிச்சிருங்கண்ணே” என்றான்.

“எதுக்கு?”

“உங்க பத்தாயிரத்தக் கெடுத்துட்டேன்.”

வரும் வழியெல்லாம் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தான் இருதயராஜ். இது அதில் இல்லை. இந்த ஒரு வாரமும் அவன் தனக்காக மட்டுமே வருத்தப்பட்டிருந்தான். இந்த இளைஞனும் இருதயராஜுக்காகவே வருத்தப்பட்டிருக்கிறான். இருதயராஜுக்கு வெட்கமாக இருந்தது.

“உம் பேரு என்ன?”

“ராங் சைடுன்னுதான்ணே எல்லாரும் கூப்பிடறாங்க. வீடியோ எல்லார் போன்லயும் இருக்கு.”

“பேரக் கேட்டேன்.”

“நவநீதன்.”

யாரோ அவனைக் கடைக்குள்ளிருந்து கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை.

“ஏன் அந்தப் பக்கம் ஓடின, நவநீதா?”

“மொத ஆட்டம்ணே. மொதப் பாதி பூரா பெஞ்சுல உக்காந்து அந்தக் கூடையவே பாத்துக்கிட்டிருந்தேன். எறக்கிவிட்டா அதுல போடணும், அதுல போடணும்னு. எறக்கிவிட்டப்ப பக்கம் மாறிருச்சு. எனக்கு மாறல.”

“அப்ப அதுதான் உன் மொதக் கூடையா?”

“மொதலும் அதுதான், கடைசியும் அதுதான். ஷூவப் பரண்ல தூக்கிப் போட்டாச்சு.”

சொல்லிவிட்டு நவநீதன் முருங்கைக்காய்க் கட்டின் கயிற்றை இறுக்கத் தொடங்கினான். கயிறு ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

இருதயராஜுக்கு அவனுக்கு ஏதாவது நல்லது சொல்ல வேண்டும்போல் இருந்தது. “ஞாயித்துக்கிழமை விழாவுல சொல்லப் போறேன். அந்த ரெண்டு புள்ளி எனக்கு வேண்டாம், எடுத்துருங்கன்னு. கணக்குலருந்தே எடுத்துட்டா அப்பறம் யாரும் அதப் பத்திப் பேச மாட்டாங்க.”

நவநீதன் சட்டென்று நிமிர்ந்தான்.

“வேண்டாம்ணே.”

“ஏன்?”

“எங்க டீம் கணக்குல அது இல்ல. எம் பேர்லயும் இல்ல. உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. நீங்களும் வேண்டாம்னுட்டா அது எங்கயுமே இருக்காதே.” அவன் கை கயிற்றிலேயே இருந்தது. “நான் போட்ட ஒரே கூடைண்ணே. உங்ககிட்டயாவது இருந்துட்டுப் போகட்டும்.”

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். இருதயராஜ் குனிந்து, முழங்கால் வலிக்க வலிக்க, அந்தக் கட்டின் ஒரு முனையைத் தூக்கினான். நவநீதன் பதறிப்போய் மறுமுனையைப் பிடித்தான். இருவருமாக லாரியில் ஏற்றினார்கள்.

“போய் ஷூவ எடுத்துட்டு வா” என்றான் இருதயராஜ்.

*

சிறுமலைமேல் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தபோது இருவரும் மைதானத்துக்கு வந்தார்கள். சிக்கந்தர் தனியாக இருந்தார்.

“நவநீதன்ணே” என்றான் இருதயராஜ்.

சிக்கந்தர் நவநீதனைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு இருதயராஜிடம் கேட்டார். “ஞாயித்துக்கிழமை என்ன பேசப் போற?”

“ஒண்ணும் பேசலண்ணே. வாங்கிக்கிறேன்.”

“ம்.”

“ஏணி எடுக்கட்டுமா?”

“ஏணி கெடக்கட்டும்.”

அவர் காலடியில் கிடந்த பந்தை எடுத்து இருதயராஜிடம் வீசினார். பழைய வீச்சுதான். நெஞ்சுக்கு நேராக, கை தானாக வாங்கிக்கொள்ளும்படி வந்தது.

பழக்கதோஷத்தில் இருதயராஜின் கண் வளையத்துக்குப் போனது. முழங்கால் மடங்கத் தயாரானது. வலி சுரீரென்று ஏறியது. நின்றுவிட்டான்.

பந்தை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவனிடம் போன பந்து வளையத்துக்குத்தான் போகும், ஆளுக்குப் போகாது என்று கூட ஆடியவர்கள் கேலி செய்வதுண்டு. அவனும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தான்.

நடுக்கோட்டில் நவநீதன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஷூவில் பரண் தூசி அப்படியே இருந்தது.

“டேய்” என்று கூப்பிட்டுப் பந்தை வீசினான் இருதயராஜ்.

வீச்சு கோணலாகப் போனது. நவநீதன் எட்டிப் பிடித்தான். பிடித்தவன் நகரவில்லை. ஒரு பக்கம் புது வலை வெள்ளையாகத் தொங்கியது. மறுபக்கம் மொட்டை வளையம். அவன் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான்.

“எந்தப் பக்கம்ணே?” என்று கேட்டான்.

யாரும் சிரிக்கவில்லை.

இருதயராஜ் சிக்கந்தரைப் பார்த்தான். அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டும் கூடைதான்” என்றான் இருதயராஜ். “போ.”

நவநீதன் ஒருமுறை பந்தைத் தட்டினான். இன்னொரு முறை தட்டினான். பிறகு ஓடினான், மொட்டை வளையத்தை நோக்கி. எம்பினான். அன்றைக்குப் போலவே பூப்போல வைத்தான். வலை இல்லாததால் சத்தமே இல்லாமல் பந்து உள்ளே விழுந்து தரையில் குதித்தது.

அவன் திரும்பினான். அவன் கை தானாக உயர்ந்து, விரல் நீண்டது.

யாரைக் காட்டுகிறான் என்று இருதயராஜ் திரும்பிப் பார்த்தான்.

பின்னால் யாரும் இல்லை.