நாணல் கரைக்கு ஒரு விதி

மலையடிவாரத்துக் காடு ஒன்றில் ஓர் ஏரி இருந்தது. அதன் கரையெங்கும் நாணலும் கோரையும் அடர்ந்திருந்தன. மலையிலிருந்து இறங்கும் மழைநீர் அவற்றின் ஊடே புகுந்து, சேற்றை அங்கேயே விட்டுவிட்டுத் தெளிந்த நீராக ஏரியில் சேரும். அந்தக் கரையோரச் சரளையில் ஓர் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டு அடைகாத்து வந்தது.

ஒரு கோடையில் பக்கத்துக் காடு தீப்பற்றி எரிந்தது. அங்கிருந்த விலங்குகளெல்லாம் இங்கே வந்து சேர்ந்தன. யார் எங்கே வளை தோண்டலாம், எங்கே குடியிருக்கலாம் என்று விதி வகுப்பதற்காகத் தலைவரான காட்டெருது ஒரு கூட்டம் கூட்டியது.

புதிதாக வந்த காட்டுப்பன்றிகள் ஏரிக்கரையைக் கேட்டன. அங்கே மண் மெத்தென்று இருக்கிறது, தின்னக் கோரைக்கிழங்கும் கிடைக்கும் என்றன.

குருவி முன்னால் வந்தது. வந்தவர்களுக்கு இடம் தர வேண்டியதுதான், அதற்கு மேட்டு நிலம் நிறைய இருக்கிறது, நாணல் நிற்கும் கரையை மட்டும் யாரும் தோண்டக் கூடாது என்று விதியில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது.

நரி மெல்ல எழுந்தது. பன்றிகள் கரையைக் கிளறினால் நண்டுகள் வெளியே வரும் என்பது அதன் கணக்கு.

"தலைவரே, இந்தக் குருவியின் முட்டைகள் அந்தக் கரையில்தான் இருக்கின்றன. தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஏரியின் பெயரைச் சொல்கிறது. ஒரு பறவையின் முட்டைக்காக இத்தனை பேரை வெயிலில் நிறுத்தலாமா?"

கூட்டம் தலையசைத்தது. கரை பன்றிகளுக்கே என்று காட்டெருது தீர்ப்புச் சொன்னது. முட்டைகள் அங்கே இருந்தது உண்மைதானே.

மறுநாள் பன்றிகள் கரையில் இறங்கின. குருவி அவற்றின் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. பன்றிகளுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை; அவை கீழே பார்க்கவே இல்லை. பொழுது சாய்வதற்குள் நாணல் வேரோடு பெயர்ந்து கிடந்தது. முட்டைகள் சேற்றில் மிதிபட்டுப் போயின. உடைந்த ஓடுகளின் பக்கத்தில் குருவி வெகுநேரம் நின்றது.

மழைக்காலம் வந்தது. மலைச் சேறு முழுவதும் தடையில்லாமல் ஏரிக்குள் இறங்கியது. மீன்கள் செத்து மிதந்தன. தண்ணீர் குடிக்கக் குனிந்த மான்கள் குடிக்காமலே திரும்பின. பன்றிகள் கரையில் தோண்டிப் படுத்திருந்த குழிகளும் இடிந்தன. தாய்ப்பன்றி ஒன்று தன் குட்டிகளைச் சேற்றிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டது.

மீண்டும் கூட்டம் கூடியது. இந்தக் கரை பாழாகிவிட்டதால் எதிர்க்கரையைத் தர வேண்டும் என்று பன்றிகளுக்காக நரியே பேசியது. இனி அதை மறுக்க யாரும் வரமாட்டார்கள் என்று அது நினைத்திருந்தது. ஆனால் குருவி வந்தது.

"குருவியம்மா, உனக்கு இன்னும் அங்கே என்ன இருக்கிறது?" என்று நரி கேட்டது.

"ஒன்றும் இல்லை," என்றது குருவி. "இருந்த முட்டைகள் போய்விட்டன. எதிர்க்கரையில் நான் முட்டையிடப் போவதும் இல்லை. அன்று நான் என் முட்டைகளுக்காகவே பேசுகிறேன் என்றீர்கள். இன்றாவது நான் சொல்வதைக் கேளுங்கள். அந்த நாணலும் போனால் இந்த ஏரி சேற்றுக்குட்டையாகிவிடும். பிறகு குடிக்க எங்கே போவோம்?"

காட்டெருதும் அன்று காலையில் சேற்று நீரைத்தான் குடித்திருந்தது. அது தலைகுனிந்து நின்றது.

அப்போது தாய்ப்பன்றி முன்னால் வந்து சொன்னது: "எங்களுக்கு மேட்டு நிலத்தையே கொடுங்கள். கரையில் குடியிருந்து பார்த்துவிட்டோம்."

நாணல் நிற்கும் கரையை யாரும், எந்தக் காரணத்துக்காகவும் தோண்டக் கூடாது என்று அன்று விதி பிறந்தது. தலைவரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று கூட்டம் சொன்னது, காட்டெருது ஒப்புக்கொண்டது.

எதிர்க்கரை பிழைத்தது. அந்தப் பக்கத்துத் தண்ணீர் மெல்ல மெல்லத் தெளிந்தது. தோண்டிய கரையில் மட்டும் நாணல் திரும்ப முளைக்கவே இல்லை. குருவி ஏரியை விட்டுத் தள்ளி, ஒரு பாறைச் சரிவில் தன் அடுத்த முட்டைகளை இட்டது.

நீதி: நீர்நிலைக்காகப் பேசுபவர் யார் என்று ஆராய்வதைவிட, அவர் சொல்வது உண்மையா என்று ஆராய்ந்து, அழிவு வருமுன் விதி செய்வதே அறிவு.