ஆனந்த மிளகாய்க்குப் பேர் வந்த கதை

"சாமிக்குப் படைக்கிற சோற்றை யாரும் ருசி பார்ப்பதில்லை. எனக்கு மட்டும் ஏன் அடுத்தவர் நாக்குப் பட்டது வருகிறது?"

இப்படிக் கத்தியவன், வெகு காலத்துக்கு முன் செண்பகபுரியை ஆண்ட ராஜா விசித்திரவர்மன். வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவனுடைய சமையல்காரி வடிவாம்பாள்.

"மகாராஜா, உப்புக் கூடினால் சாமி ஒன்றும் சொல்லாது. நீங்கள் சொல்வீர்களே!"

"ருசி பார்த்தால் நாடு கடத்துவேன். ருசி கெட்டாலும் நாடு கடத்துவேன்."

ராஜா அல்லவா, எப்படி வேண்டுமானாலும் பேசலாம்.

அன்று முதல் அவன் சாப்பிட உட்கார்ந்தால், கோயிலில் நைவேத்தியத்துக்குச் செய்வது போலத் திரை போட்டார்கள். வெளியே மணி அடித்தார்கள். மிச்சத்தைப் பிரசாதம் என்று சபைக்குக் கொடுத்தார்கள். ஏன் என்று கேட்க ஒரு ஆள்கூடவா இல்லை என்கிறீர்களா? சம்பளம் வாங்குகிறவன் எவன் கேட்பான்?

அந்தச் சமயம் கப்பலில் ஒரு புது மிளகாய் வந்து இறங்கியது. சுண்டுவிரல் நகம் அளவுதான். 'இத்தனூண்டு என்ன செய்துவிடப் போகிறது' என்று வடிவாம்பாள் கை நிறைய அள்ளிக் குழம்பில் போட்டாள். ருசி பார்க்கத்தான் முடியாதே!

மணி ஓய்ந்தது. திரை விலகியது. ராஜாவின் கண்ணில் தாரை தாரையாக நீர். மூக்கு தன் பங்குக்கு ஒழுகியது. எட்டிப் பார்த்த வடிவாம்பாள் துணிமணியை மூட்டை கட்டத் தொடங்கினாள்.

ஆனால் உறைக்கிறது என்று அவன் எப்படிச் சொல்வான்? சாமிக்கு உறைக்குமா?

"ஆனந்தக் கண்ணீர்" என்றான்.

பிரசாதம் வந்தது. மந்திரி தின்றார், அழுதார், "ஆனந்தம்" என்றார். தளபதி தின்றார், அழுதார், "பேரானந்தம்" என்றார். புரோகிதர் தின்றார், அழுதார், "பரமானந்தம்" என்று சொல்லிக்கொண்டே கிணற்றுக்கு ஓடினார். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க அதற்கு ஆனந்த மிளகாய் என்று பேர் விழுந்துவிட்டது.

வடிவாம்பாள் மூட்டையை அப்படியே போட்டுவிட்டு வந்து கைகூப்பினாள்.

"அப்படியானால் தினமும் இதே குழம்பை வைக்கட்டுமா, மகாராஜா?"

சபையே அவன் முகத்தைப் பார்த்தது. ராஜா தலையாட்டினான். வேறென்ன செய்வான்?

கேட்டுக்கொள்ளுங்கள்: தன்னைச் சாமி என்று சொல்லிக்கொள்கிறவனுக்கு, வாய் எரிகிறது என்று சொல்லும் உரிமைகூடப் போய்விடும்.

மறுநாள் திரைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"யாராவது கொஞ்சம் மோர் கொடுங்களேன்..."

வெளியே மணி அடித்துக்கொண்டே இருந்தது.