பதரறுத்தார் வீடு

மீனும் கொக்கும் மனிதரோடு வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், எங்கள் ஊர்க் கண்மாயின் வாய்க்கால் போய் முடிகிற இடத்தில் சோணைமுத்து என்பவருக்கு அரைக்காணி நிலம் இருந்தது. அவர் மனைவி பெயர் குருவாயி. எங்கள் வம்சத்துக்கு முதல் தலைக்கட்டு இவர்கள்தான். ராஜ பரம்பரை என்றெல்லாம் நான் பீற்றிக்கொள்ள மாட்டேன். அரைக்காணிக்காரர்கள்தான். ஆனாலும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கள் வீட்டுப் பெயருக்கு ஈடாக இன்னொரு பெயரைக் காட்டுங்கள், பார்ப்போம்!

அந்த வருஷம் மழை பாதியிலேயே கைவிரித்துவிட்டது. இருந்த தண்ணீரை ஊரார் முறை வைத்துப் பாய்ச்சினார்கள். மடைக்குப் பக்கத்து வயலுக்கு முதல் முறை, கடைசி வயலுக்குக் கடைசி முறை. அதுதான் வழக்கம். எல்லாரும் பாய்ச்சி முடித்தபோது கண்மாயின் நடுக்குழியில் ஒரு சாண் தண்ணீர் மிஞ்சியிருந்தது. முறையும் சோணைமுத்துவுடையது மட்டும்தான் பாக்கி. அவர் பயிர் பால் பிடித்து நின்றது. அந்தச் சாண் தண்ணீர் பாய்ந்தால் வருஷம் முழுக்கச் சோறு. பாயாவிட்டால் அத்தனையும் பதர்.

விடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் மடைக்குப் போனார்கள். கரையில் கொக்கு ஒன்று ஒற்றைக் காலில் காத்திருந்தது.

"வாங்க, வாங்க. சட்டுனு திறந்துவிடுங்க. தண்ணி உங்களுக்கு, சேறு எனக்கு" என்றது.

குருவாயி இடுப்புச் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கி, மடையை அடைத்திருந்த மரக்கட்டையில் கை வைத்தாள். அப்போது ஒரு கிழட்டு விரால் அவள் கணுக்காலருகே வந்து நின்றது. அதன் பின்னால் செக்கச்செவேலென்று குஞ்சுகள்.

"ஆத்தா, முறை உன்னுதுதான். இல்லைங்கல. ஆனா இதுதான் கடைசித் தண்ணி. இதுவும் போனா இந்தக் கண்மாய்ல மீனுன்னு ஒண்ணு இருந்த அடையாளமே இருக்காது. கொஞ்சம் யோசி" என்றது விரால்.

"மீன் பேச்சைக் கேட்டு உருப்பட்டவன் உண்டா?" என்று கொக்கு கத்தியது.

குருவாயியின் கை கட்டையிலேயே நின்றுவிட்டது. அவள் புருஷனைப் பார்த்தாள்.

"என்ன பார்க்கிறே? இழு!" என்றார் சோணைமுத்து. "மீனுக்குப் பாவம் பார்த்தா நம்ம வயித்துக்கு யாரு பாவம் பார்க்கிறது?"

"நமக்குக் கால் இருக்குங்க. நாலு ஊர் நடந்து கூலி வேலைக்குப் போகலாம். இதுக எங்கிட்டுப் போகும்?"

சோணைமுத்துவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கரையில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்தே தன் வயலைப் பார்த்தார். நட்டு, களையெடுத்து, பிள்ளை மாதிரி வளர்த்த பயிர். மனுஷன் வாய்விட்டு அழுதார் ஐயா, பொய்யில்லை. அழுது முடித்துவிட்டு இறங்கி வந்தவர், இரண்டு கை களிமண்ணை அள்ளித் தானே கட்டையைச் சுற்றி அப்பிப் பூசினார். இனி யாரும் லேசில் திறக்க முடியாது. கொக்கு திட்டிக்கொண்டே பறந்து போயிற்று.

அறுப்புக் காலம் வந்தது. ஊர்க் களத்தில் நெல் குவிந்தது. இவர்களும் அறுத்தார்கள், மாட்டுக்கு வைக்கோலாவது மிஞ்சட்டும் என்று. தூற்றினால் ஒரு மணி கூடக் கீழே விழவில்லை. காற்று அத்தனையையும் கொண்டுபோயிற்று.

"பதரறுத்தாரு போறாரு, வழி விடுங்கப்பா!" என்று களமே சிரித்தது. அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. சந்தைக்குப் போனாலும் அதே பேச்சு, சாவு வீட்டுக்குப் போனாலும் அதே பேச்சு. இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு, கூலி வேலை செய்து, கீரையும் கஞ்சியுமாய்க் காலம் தள்ளினார்கள்.

அடுத்த வருஷம் ஐப்பசியிலும் மழை இல்லை. கார்த்திகையிலும் இல்லை. ஊர்க் கிணறுகள் ஒவ்வொன்றாய் வற்றின. கண்மாய்க்கரைக் கிணறு மட்டும் வற்றவில்லை. நடுக்குழியில் நின்ற தண்ணீரின் ஈரம் மண்ணுக்கடியில் கசிந்து கசிந்து அதன் ஊற்றைக் காப்பாற்றி வைத்திருந்தது. ஊர் முழுக்க அந்த ஒரு கிணற்றுத் தண்ணீரைக் குடித்துத்தான் உயிர் பிழைத்தது. தை பிறந்த பிறகு கோடை மழைபோல் ஒரு மழை கொட்டிக் கண்மாய் பெருகியபோது, விரால் கூட்டமும் பெருகியது.

ஊர் அம்பலக்காரர் கூட்டம் போட்டார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக் குருவாயியிடம் நீட்டினார்.

"தாயி, நாங்க பேசினது தப்பு. இனிமே உங்களை யாரும் அந்தப் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாக. உங்க வீட்டுக்கு 'ஊர்காத்தார்'னு பட்டம் கட்டுறோம்."

வெற்றிலையை எடுத்துக்கொண்டாள் குருவாயி. பட்டத்தை எடுக்கவில்லை.

"நாங்க அறுத்தது பதர்தானே? நீங்க ஒண்ணும் இல்லாததைச் சொல்லலையே. அந்தப் பதருக்குத்தான் இந்தத் தண்ணி. பேரை மாத்தினா, தண்ணி எப்படி வந்துச்சுன்னு நாளைக்கே மறந்துருவீக. அதே பேரு இருக்கட்டும். ஆனா இனிமே தலை நிமிந்து சொல்லுங்க."

அம்பலக்காரர் எழுந்து, தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "பதரறுத்தார் வீட்டுக்கு முதல் மரியாதை!" என்று சத்தமாய்ச் சொன்னார்.

அன்று முதல்தான் எங்கள் கண்மாயில் கடைசிச் சாண் தண்ணீரை எவரும் தொடுவதில்லை. மடையை அடைக்கும் முதல் பிடி மண் எங்கள் வீட்டுக் கையால்தான் விழுகிறது. கல்யாணப் பத்திரிகையில் நாங்களும் 'பதரறுத்தார் வீடு' என்று கொட்டை எழுத்தில் போடுகிறோம்.