தூக்கும் என்று இருந்தவன்

“ரீச்சர், என்னை எப்ப பனிக்கு விடுவீர்?”

எட்டு வாரமாகப் பிரணவன் கேட்கிற கேள்வி இது. இந்தக் கதையில் வயிறு குலுங்கச் சிரிக்க ஓர் இடம் உண்டு. அவசரப்படக் கூடாது. அதற்கு முன்னால் ஒரு கழுத்தைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது.

“இண்டைக்கு வேண்டாம் அண்ணா,” என்றாள், அவனுக்குக் கரணம் பழக்குகிற தர்மினி.

அவனுக்கு முப்பத்திரண்டு வயது. ஆல்ப்ஸ் மலையடிவாரத்து உணவகமொன்றில் சமையல்காரன். அவளுக்கு இருபத்திநாலு. அவன் கூப்பிடும் ‘ரீச்சரி’ல் பாதி மரியாதை, மீதி நக்கல்.

பழகுவது இரட்டைப் பின்கரணம். அந்தரத்தில் பின்பக்கமாக இரண்டு சுற்று. முதலில் மண்டபத்து டிராம்போலின் வலையில். தேறினால், காலில் ஸ்கீ பூட்டிப் பனிமேட்டில்.

வலையில் அவன் புலி. எகிறினால் தலை சுவர்க் கடிகாரத்துக்கு மேலே போகும். சுற்றி இறங்கினால் அச்சில் வார்த்த மாதிரி இரண்டு காலில் நிற்பான்.

ஞாயிற்றுக்கிழமை குளிர்கால விழா. பனிமேட்டில் பாய்வதற்குப் பெயர் கொடுத்தாயிற்று. சமையலறையில் சொல்லியாயிற்று, மாமியார் வீட்டில் சொல்லியாயிற்று, ஊர்ச் சங்கத்து வாட்சப்பில் படமும் போட்டாயிற்று. இவள் மட்டும் மசியவில்லை.

அவள் பழக்குகிற லட்சணத்தை அவன் எல்லோருக்கும் நடித்துக் காட்டுவான். வலையின் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு, நித்திரை கொள்கிற கொக்கு மாதிரி நிற்பான். அடிக்கடி முழங்காலை மடக்கி நிமிர்வான். பிறகு மூக்கால் சொல்வான்: “இண்டைக்கு வேண்டாம் அண்ணா.” மண்டபமே சிரிக்கும்.

சொன்ன சிரிப்பு இதுவல்ல.

அன்று வியாழக்கிழமை மத்தியானம். மண்டபத்தில் அவர்கள் இரண்டு பேர் மட்டும். பயமா, பொறாமையா என்று அவன் கேட்டான். அவள் ரமணனைப் பற்றிச் சொன்னாள்.

ரமணன் போன வருடம் அவளிடம் பழகியவன். இதே வலை, இதே கரணம். பிரணவனைவிட அழகாகச் சுற்றுவானாம். அவள்தான் பனிக்கு அனுப்பினாள். ஒன்றரைச் சுற்றில் தலை பனியில் குத்தியது. இப்போது ஏரிக்கரைப் பராமரிப்பு இல்லத்தில் படுக்கை. கழுத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாது. தாய்தான் வாயில் சோறு தீத்துகிறாள்.

பிரணவன் கேட்டான்:

“என்ன பிழை விட்டவர்?”

“மேட்டு நுனியில காலை உந்தேல்லை. தூக்கும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தவர்.”

“தூக்குமோ? எது தூக்கும்?”

அவள் வலையைப் பார்த்தாள். அவனுக்குத் தைரியம் திரும்பி வந்தது. பனி என்ன லிஃப்டா, தூக்குவதற்கு? பாவம்தான், ஆனால் அந்த ஆள் மடையன் என்றான். தன்னுடைய உயரம் தன்னுடைய காலில் இருக்கிறது என்றான். தொடையில் தட்டியும் காட்டினான். நீர் வாறீரோ இல்லையோ, ஞாயிறு நான் பாயிறன் என்று முடித்தான்.

“சரி அண்ணா. இப்ப ஒருக்காப் பாய்ஞ்சு காட்டுங்கோ.”

எட்டு வாரத்தில் முதல் தடவையாக, அவன் குதிக்குமுன் அவள் வலையை விட்டுக் கீழே இறங்கினாள்.

அவன் குதித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. தலை கடிகாரத்தின் அடிவிளிம்புக்குக்கூடப் போகவில்லை.

மத்தியானம் கொத்துரொட்டி கொஞ்சம் கூடிவிட்டது என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு குதித்தான். நாலு, ஐந்து, ஆறு. வியர்த்தது. இந்த உயரத்தில் ஒரு சுற்றுக்குமேல் வராது. அது அவன் உடம்புக்கே தெரிந்தது, சுற்றாமல் நின்றான்.

“குளிருக்கு ஸ்பிரிங் இறுகிப்போச்சு ரீச்சர். வந்து பாரும்.”

அவள் மேலே ஏறி, வழக்கமான மூலையில் நின்றாள். குதிக்கச் சொன்னாள். அவன் கால் வலையில் பட்ட கணத்தில் அவள் முழங்கால் மடங்கி நிமிர்ந்தது.

அமுங்கிய வலை அவனை எறிந்தது; தலை கடிகாரத்துக்கு மேலே போனது.

அவள் இறங்கினாள். அவன் உயரமும் இறங்கியது, வெறும் ஆளானான்.

மறுபடி ஏறச் சொன்னான். ஏறினாள், பறந்தான். இறங்கச் சொன்னான். இறங்கினாள். பிறகு அவன் குதிக்கவில்லை.

வலை ஆடி அடங்கும்வரை நடுவில் நின்றான்.

“எத்தினை நாளா?”

“முதல் நாளில இருந்து. ரெண்டு சுத்து உடம்புக்குப் பழக உயரம் வேணும். அதுதான் வலையை அமத்தித் தந்தனான்.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால் வந்தது, பிறகு வயிற்றிலிருந்து. வலையில் குந்திக்கொண்டு, கண்ணில் நீர் முட்டச் சிரித்தான். ஊர்ச் சங்கமே பார்த்த புலி! அவள் முழங்காலை எத்தனை பேருக்கு நடித்துக் காட்டியிருப்பான்! என்னை நல்லாய் ஏமாத்திப் பேய்க்காட்டிப்போட்டீர் என்றான். மறுபடி சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை.

அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

“ரமணனுக்கும் நீர்தான் அமத்தினீரோ?”

“ஓம்.”

“நீர் அமத்திறது எண்டு அவருக்கு ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை.”