எட்டாவது தாவல்

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்குவதையே தொழிலாக வைத்துக்கொண்டவனுக்கு எந்தப் பழமொழியைச் சொல்வது? அவன் விழுந்தால் எழுந்து, பேன்ட்டில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, முன்னால் ஓடிப்போன இசையை விரட்டிப் பிடிக்க வேண்டியதுதான்.

கொரியாவில் மா கியூ-தே என்று ஒருவன் இருந்தான். பனித்தளத்தில் இசைக்கு ஏற்பச் சறுக்கி, சுழன்று, தாவி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் வீரன். அது பெண்பிள்ளைகளின் விளையாட்டு என்று அந்த ஊரில் எல்லோரும் நினைத்திருந்த காலத்தில், ஒரு கூட்டம் சிறுமிகளுக்கு நடுவே ஒற்றைப் பையனாகப் போய்ச் சேர்ந்தவன். பள்ளிக்கூடத்தில் கேலி செய்தவர்களுக்கு வாயால் பதில் சொன்னதில்லை. பதினாறு வயதில் தேசிய சாம்பியன் ஆனான். பிறகு நாடு நாடாகப் போய் ஆடினான். சில இடங்களில் வென்றான், பல இடங்களில் நாலாவதாக வந்தான். நாலாவது இடம் பொல்லாதது. பதக்க மேடைக்குப் பக்கத்திலேயே நின்று அடுத்தவனுக்குக் கைதட்ட வேண்டும்.

இப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. அந்த விளையாட்டில் அது பென்ஷன் வாங்குகிற வயது.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்து பாடம் சொன்னவர் பியோன் சுக்-யோங் என்ற பெண்மணி. பயிற்சியாளரை அங்கே 'ஆசிரியர்' என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். நாம் டீச்சர் என்றே வைத்துக்கொள்வோம். பேச்சு குறைவு, பாராட்டு அதைவிடக் குறைவு. குளிர்காலம் முழுக்க அவர் கோட்டுப் பையில் கமலா ஆரஞ்சு இருக்கும். மாணவன் நன்றாக ஆடினால் ஒன்றை உரித்துக் கொடுப்பார். மோசமாக ஆடினாலும் ஒன்றை உரித்துக் கொடுப்பார். பழத்தைப் பார்த்து ஆட்டத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

அந்த வருஷம் ஒலிம்பிக்குக்குப் போகக் கொரிய ஆண்களுக்குக் கிடைத்தது ஒரே ஓர் இடம். இரண்டு தேர்வுப் போட்டிகள் நடக்கும். இரண்டிலும் எடுத்த மதிப்பெண்ணைக் கூட்டி, முதலில் வருகிறவன் போவான்.

கியூ-தேவுக்கு இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை. அந்த நாட்டில் ஆணாகப் பிறந்தவன் ராணுவத்துக்குப் போய் வந்தே தீர வேண்டும். படிப்பைக் காட்டியும் போட்டியைக் காட்டியும் அவன் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தான். இனித் தள்ள முடியாது. ஒன்றரை வருஷம் துப்பாக்கி தூக்கிவிட்டுத் திரும்பினால், நாலு சுற்றுத் தாவலை முழங்கால் மறந்திருக்கும். ஒலிம்பிக் பனியில் ஒரே ஒரு தடவை ஆட வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. பதக்கம்கூட அவன் கேட்கவில்லை.

முதல் போட்டி வந்தது.

ஆட்டம் நாலு நிமிஷம். அதற்குள் ஏழு தாவல்கள். எட்டாவதாக ஒன்று தாவினால், அது தேவலோகத்துத் தாவலாகவே இருந்தாலும் மதிப்பெண் பூஜ்யம். இது விதி. ஸ்கேட்டிங் ஷூவுக்கு நாடா கட்டப் பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

கியூ-தே இரண்டாவது தாவலில் விழுந்தான். அவனுடைய நாலு சுற்றுத் தாவல் அது. ஷூவின் அடியில் இருக்கும் கத்தியின் முனையைப் பனியில் குத்தி மேலே கிளம்பி, காற்றில் நாலு சுற்றுச் சுற்றி, ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். அவன் இடுப்பில் இறங்கினான். எழுந்தான். மீதி ஐந்து தாவல்களையும் பழுதில்லாமல் முடித்தான். கடைசிச் சுழற்சி ஒன்றுதான் பாக்கி. அதைச் சுற்றி முடித்தால் முதலிடம்.

அந்த நேரத்தில் அவனைக் கேட்காமலே அவன் கால் விழுந்த இடத்தைப் பார்த்துத் திரும்பியது. முனையைக் குத்தினான், எழும்பினான், நாலு சுற்றும் சுற்றிப் பூப்போல இறங்கினான். கூட்டம் எழுந்து நின்று கத்தியது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். எட்டாவது தாவலுக்குப் பூஜ்யம். அதில் போன நேரத்தால் கடைசிச் சுழற்சி பாதியில் இருக்கும்போதே இசை முடிந்துவிட்டது. அந்த மதிப்பெண்ணும் போயிற்று. நோ ஜே-இல் என்ற பத்தொன்பது வயதுப் பையன் அவனைத் தாண்டி முதலில் வந்தான். எழுந்து நின்று கத்திய கூட்டம் மதிப்பெண்ணைப் பார்த்ததும் கப்சிப் என்று உட்கார்ந்துகொண்டது.

மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கும் பெஞ்சில் டீச்சர் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். கியூ-தே அதைக் கையிலேயே வைத்திருந்தான்.

மறுநாள் காலை வழக்கம்போலப் பயிற்சிக்கு வந்தான். அதே தாவலில் மறுபடி விழுந்தான். உடனே ஒரு வட்டம் அடித்து வந்து அதையே தாவினான், அதிலும் விழுந்தான். இன்னொரு வட்டம் அடித்தான். கடைசியில் விழாமல் நின்றான், ஆனால் நின்ற சந்தோஷம் முகத்தில் இல்லை. மற்றவர்கள் எல்லோரும் போன பிறகு டீச்சரிடம் வந்தான்.

“விழுந்ததை எப்படிச் சரி பண்றது, டீச்சர்?”

“எதை?”

“நேத்து விழுந்ததை.”

“அதைத்தான் நேத்தே சரி பண்ணிட்டியே.”

கியூ-தேவுக்குச் சுருக்கென்றது. குற்றம் சொல்வதுபோல இருக்கக் கூடாது என்றுதான் நினைத்தான். குரல் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

“விழுந்த தாவலை நின்னு முடிக்காம பனியை விட்டு இறங்கக் கூடாதுன்னு நீங்கதானே டீச்சர் சொல்லிக் கொடுத்தீங்க.”

“ஆமா, நான்தான் சொன்னேன். ஒன்பது வயசுப் பையன்கிட்ட சொன்னேன். அவன் அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போகக் கூடாதேன்னு.”

ஓரத்தில் இருந்த வாளியை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

அந்தத் தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சி முடிந்து இறங்குவதற்கு முன் அவரவர் பறித்த குழியை அவரவரே மூட வேண்டும். தாவுகிறவன் முனையைக் குத்திய இடத்தில் எல்லாம் கோலிக்குண்டு புதைகிற அளவுக்குக் குழி விழும். சுவரோரம் ஒதுங்கியிருக்கும் பனித்தூளைத் தண்ணீரில் குழைத்து, குழியில் அடைத்து, மேலே ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் உறைந்துவிடும். மூடாமல் போனால் அடுத்து வருகிறவனின் கத்தி அதில் மாட்டும், கணுக்கால் போகும். தேசிய சாம்பியன் என்றாலும் இதில் சலுகை கிடையாது.

கேள்வி கேட்டால் வாளியைக் கொடுக்கிறாரே என்று கியூ-தேவுக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் குனிந்து குனிந்து ஒவ்வொரு குழியாக மூடினான். கடைசியாக, அன்று காலை முதலில் விழுந்த தாவலின் குழிக்கு வந்தான். அதில் மற்றதைவிட அதிகமாகவே பனியை அடைத்தான். நன்றாகத் தேய்த்தான். உறைந்துவிட்டதா என்று கையுறையைக் கழற்றி விரலால் அமுக்கிப் பார்த்தான். பள்ளம் விழுந்தது. மறுபடி அடைத்தான், தேய்த்தான், அமுக்கிப் பார்த்தான். மறுபடி பள்ளம்.

பனியைச் சமன் செய்யும் வண்டியை வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே ஓட்டுநர் காத்திருந்தார். ஒரு தடவை ஹாரன் அடித்தார். டீச்சர் அவரைப் பார்த்துக் கையைக் காட்டினார். பிறகு மாணவன் பக்கத்தில் வந்து நின்றார்.

“இது உறையவே மாட்டேங்குது டீச்சர்.”

“மத்ததெல்லாம்?”

கியூ-தே திரும்பிப் பார்த்தான். மூடிவிட்டு நகர்ந்த குழிகள் எல்லாம் வெள்ளையாக இறுகிக் கிடந்தன. ஒன்றில் காலை வைத்து மிதித்தும் பார்த்தான். கல்போல இருந்தது.

“மத்ததெல்லாம் உறைஞ்சிருச்சு.”

“அப்போ பனி மேல தப்பு இல்ல,” என்றார் டீச்சர். “விரலை எடு.”

அன்றிலிருந்து பயிற்சியில் ஒரு மாற்றம் வந்தது. ஒரு தாவலில் விழுந்தால் அன்று முழுவதும் அந்தத் தாவல் கிடையாது என்றார் டீச்சர். காரணம் சொல்லவில்லை. கியூ-தேவுக்கு அது நரகமாக இருந்தது. பதினேழு வருஷப் பழக்கம், தொட்டில் பழக்கம் மாதிரி ஊறிப்போனது. காலையில் விழுந்தால் அந்த வலியை அப்படியே இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டும், சோறு சாப்பிட வேண்டும், அம்மா கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் அவன் டீச்சரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. வாளியையும் ஆரஞ்சையும் மட்டும் தவறாமல் நீட்டினார்.

இரண்டாவது போட்டி வந்தது. அரங்கத்தில் ஒரு நாற்காலி காலி இல்லை. ஜே-இல் முன்னதாகவே ஆடி, பெரிய பிழை இல்லாமல் முடித்திருந்தான். கடைசியாக கியூ-தே இறங்கினான்.

இரண்டாவது தாவலில் விழுந்தான். அதே தாவல், கிட்டத்தட்ட அதே இடம். கூட்டம் மொத்தமும் 'ஐயோ' என்றது. அவன் எழுந்தான்.

அதற்குப் பிறகு அவன் ஆடியதைப் பார்த்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். அவசரம் இல்லை. எதையோ பிடிக்க ஓடுகிற ஓட்டம் இல்லை. ஐந்து தாவலும் தாவி முடித்தான். கடைசிச் சுழற்சிக்கு முன்னால் அவன் பாதை அந்தக் குழிக்குப் பக்கமாகத்தான் போயிற்று. குழி அவன் கண்ணில் பட்டது. கால் ஒரு கணம் கனத்தது. அழுகை வந்தது, அதையும் அவன் மறைக்கவில்லை. ஒரு சாண் தள்ளிக் குழியைக் கடந்து போய், சுழற்சியைத் தொடங்கி, இசையின் கடைசித் துளி வரைக்கும் சுற்றி நின்றான்.

அன்றைய ஆட்டத்தில் அவன்தான் முதலில் வந்தான். இரண்டு போட்டிகளையும் கூட்டியபோது ஜே-இல் முன்னால் இருந்தான். வித்தியாசம் ஒரு மதிப்பெண்கூட இல்லை, அதில் பாதி. முதல் போட்டியில் பாதியில் நின்ற அந்தச் சுழற்சி முழுதாக முடிந்திருந்தால் கியூ-தே ஒலிம்பிக்குக்குப் போயிருப்பான். கணக்குப் போட யாருக்கும் பேனா தேவைப்படவில்லை.

ஜே-இல் வந்து இடுப்பு வரை வளைந்து அவனை வணங்கினான். நிமிரவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. கியூ-தே அவன் தோளைப் பிடித்து நிமிர்த்தினான்.

“அங்க பனி எப்படி இருந்துச்சுன்னு வந்து எனக்குச் சொல்லணும்,” என்றான்.

“சொல்றேன் அண்ணா,” என்றான் பையன்.

டீச்சர் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். இந்தத் தடவை கியூ-தே அதைச் சாப்பிட்டான். இனிப்பாகத்தான் இருந்தது. அது இனித்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

ராணுவ முகாமுக்குப் போவதற்கு முந்தின நாள் காலை அவன் தளத்துக்கு வந்தான். தலையை ஒட்ட வெட்டியிருந்தான். பயிற்சி முடிந்து எதிரே வந்த, தெரிந்த சிறுமிகள் இரண்டு பேர் அடையாளம் தெரியாமல் ஒரு கணம் விழித்துவிட்டு, பிறகு சிரித்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். ஷூ கொண்டுவரவில்லை. ஒரு பை நிறைய ஆரஞ்சு மட்டும் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தான்.

டீச்சர் பனியில் குனிந்து, அந்தச் சிறுமிகள் அவசரத்தில் மூடாமல் விட்டுப்போன குழிகளை மூடிக்கொண்டிருந்தார். தலையைப் பார்த்தார். காது குளிரும், தொப்பி போட்டுக்கோ என்று மட்டும் சொன்னார். கியூ-தே தடுப்புச் சுவரில் சாய்ந்து நின்றான். எத்தனை மணிக்கு ரயில், அம்மா கூட வருகிறார்களா என்றெல்லாம் அவர் கேட்டார். பதில் சொன்னான். அவர் வாளியில் பனித்தூளைக் குழைத்தார்.

கேட்க வேண்டாம் என்றுதான் வந்திருந்தான். கேட்டுவிட்டான்.

“அன்னைக்கு அந்த எட்டாவது தாவலை மட்டும் நான் தாவாம இருந்திருந்தா, டீச்சர்?”

டீச்சர் ஒரு குழியை அடைத்து, மேலே தேய்த்துவிட்டு, அடுத்ததற்கு நகர்ந்தார். அப்புறம்தான் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அவனுடைய கைகள் இரண்டும் கோட்டுப் பைக்குள் இருந்தன.

“விரலை எடு, கியூ-தே,” என்றார்.